ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்குப் ‘பெரியவங்க விஷயம்’ வருகிற நாவல்களை எப்படிப் பொறுக்குவது?

கேட்டவர் ஏற்காட்டில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. நூலகப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். 9 முதல் 12 வரை படிக்கும் மாணவிகளுக்கு நாவல் வாங்கக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. காதல், சாதி, கொலை, பாலியல், தற்கொலை வருகிற நாவல்களில் எந்த வகுப்புக்கு எதை வைக்கலாம், ஒரு பட்டியல் வேண்டும் என்கிறார். கூடவே, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைப் பத்தாம் வகுப்பு அலமாரியில் வைக்கலாமா என்றும் கேட்கிறார். டீச்சர், நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தால் பட்டியலுக்குக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது. நாளைக்கு ஒரு அப்பா புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி ஹெச்.எம். அறைக்கு வந்து நின்றால் என்ன சொல்வது என்பதுதான் அது. நியாயமான பயம். அதற்குப் பதில் சொல்லாமல் பட்டியல் மட்டும் கொடுத்தால், முதல் புகாரிலேயே அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள் போய்விடும்.

நான் சேலம் டவுனில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மலைமேல் இருக்கிற ஓரிரு பள்ளிகளுக்குப் புத்தகம் பொறுக்கித் தருகிறேன். மனநல மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. பேச்சு அந்தப் பக்கம் போகும் இடங்களில் என் சொல்லோடு நிற்காமல் தெரிந்தவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. யு, யு/ஏ, ஏ என்றிருந்ததில் யு/ஏ-வை 2024-ல் 7, 13, 16 என்று வயதுவாரியாகவும் பிரித்துவிட்டார்கள். புத்தகத்துக்கு அப்படி எதுவும் நம் நாட்டில் கிடையாது. ஆங்கில நாவலின் பின்னட்டையில் 14+ என்று இருந்தால் அது பதிப்பகம் தானாகப் போட்டுக்கொண்டது. ‘யங் அடல்ட்’ என்பது அமெரிக்கப் பதிப்பகங்களும் நூலகங்களும் 12 முதல் 18 வயதுக்காரர்களை மனதில் வைத்து வளர்த்த பிரிவு. தமிழில் அந்த அலமாரி இன்னும் சரியாக உருவாகவில்லை. சிறுவர் நூல் முடிந்தால் நேரே பெரியவர்களின் நாவல்தான். புத்தகத் திருவிழாவில் ‘யுவ புரஸ்கார்’ என்று அட்டையில் பார்த்ததும் இளைஞர்களுக்கான நூல் என்று நினைத்து வாங்கி வருகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். சாகித்ய அகாடமி அந்த விருதைத் தருவது 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு. படிக்கிறவரின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆக அட்டையை நம்பி வாங்க வழியில்லை, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகள் பார்த்திருப்பீர்கள். அது வாசிக்கும் திறனுக்கான படி. மனசு எதைத் தாங்கும் என்பது வேறு படி, இரண்டும் சேர்ந்தே ஏறுவதில்லை. அஸ்தம்பட்டியில் ஆங்கில மீடியம் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண் நானூறு பக்க ஆங்கில நாவலை ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடுவாள். ஆனால் ஒரு சாவு வீட்டுக்குக்கூட அவளைக் கூட்டிப்போயிருக்க மாட்டார்கள். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கமிருந்து உங்களிடம் வந்து தங்கிப் படிக்கிற பிள்ளைகளில் சிலருக்கு முப்பது பக்கம் தாண்டுவதே பெரும்பாடு. அதே பிள்ளை காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போய் வந்திருப்பாள், கூடப் படித்தவளைப் பத்தாவது முடிக்கும் முன் கட்டிக்கொடுத்ததைப் பார்த்திருப்பாள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கப்பட்டதே நம் சேலத்தில்தான். ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு’ என்று கதவைச் சாத்துகிறவர்கள் சாத்துவதற்கு முன்பே அந்த விஷயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் உங்கள் பள்ளிக்கு என் யோசனை, நூல் மெல்லிசாக இருக்கட்டும், விஷயம் கனமாக இருந்தால் பரவாயில்லை. டவுன் பள்ளிக்கு நேர்மாறாகக்கூடச் சொல்வேன்.

இப்போது முக்கியமான இடம். ஒரு நாவலில் என்ன வருகிறது என்று பார்த்துத் தேர்வு செய்தால் தவறான புத்தகங்கள்தான் வந்து சேரும். வருகிற விஷயத்தை அந்த நாவல் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். அடி விழுந்தால் வலி யாருக்கு என்று காட்டுகிறதா? செய்தவன் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறான் என்று சொல்கிறதா, இல்லை அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுகிறதா? நம்மை எந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் நிறுத்துகிறது? கடைசிப் பக்கம் வரை படிக்காமல் இதற்குப் பதில் கிடைக்காது.

உதாரணத்துக்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1977-ல் வந்தது. ஹைதராபாத் இந்தியாவோடு சேர்கிற 1948-ஐ ஒட்டிய காலம். செகந்திராபாதில் சந்திரசேகரன் என்ற பையன், கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி என்று திரிகிறான். ஊரில் பதற்றம் மெல்ல மெல்ல ஏறுகிறது. முடிவைச் சொல்லாமல் விளக்க முடியாது, படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். கலவரத்தில் ஒளிய இடம் தேடி அவன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். இவன் தாக்க வந்தவன் என்று நினைத்து, தன் ஆட்களை விட்டுவிடச் சொல்லி, சின்னப் பெண் ஒருத்தி உடையைக் களைந்துவிட்டு இவன் முன்னால் வந்து நிற்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற அப்பா கண்ணில் படுவது ஒரு பெண்ணின் நிர்வாணம். முதல் பக்கத்திலிருந்து வந்து சேர்கிற பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இடத்தில் கிளர்ச்சி எதுவும் வராது. கையில் ஆயுதமே இல்லாமல் நின்றவன்கூட அடுத்தவருக்கு எமனாகத் தெரியக்கூடும் என்ற அதிர்ச்சிதான் வரும். மதக் கலவரத்தைப் பற்றி அந்த வயதில் படிக்க இதைவிட நேர்மையான ஒரு பக்கத்தைத் தமிழில் நான் கண்டதில்லை. பதினொன்று, பன்னிரண்டுக்கு யோசிக்காமல் வைக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் போனில் தொடர்கதைச் செயலிகளில் படிக்கிற ‘ஆன்ட்டி ஹீரோ’ கதைகள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் உங்கள் மாணவிகளும் படிக்கிறார்கள், நாம் தெரியாத மாதிரி இருக்கிறோம். நாயகன் அவளைத் தூக்கிக்கொண்டு போவான், கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான், பூட்டி வைப்பான். இருபதாவது அத்தியாயத்தில் அவனுக்குள் இருக்கும் காயம் தெரிந்து அவள் உருகுவாள். பல கதைகளில் ஆபாசமாக ஒரு வரிகூட இருக்காது. எந்தப் பெற்றோரும் புகார் செய்யாத இந்த வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அடிப்பதைக் காதலின் ஆழம் என்று பழக்குகிறது. பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை, பிடுங்கினால் போர்வைக்குள் போய்விடும். ‘இவன் உன் அண்ணன் பொண்டாட்டியிடம் இப்படி நடந்தால் என்ன செய்வாய்?’ என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் வகுப்பு தானாக நடக்கும்.

ஆங்கிலத்தில் இதே குழப்பம் வேறு மாதிரி. கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ (2016) பூப்போட்ட அட்டையோடு பள்ளிப் பைகளில் சுற்றுகிறது. அது பெரியவர்களுக்கான நாவல், படுக்கையறை விவரங்கள் தாராளம். ஆனால் அடிக்கிற கணவனை விட்டு வெளியேறுவதைப் பற்றியது என்பதால், வீட்டில் பதினேழு வயதுப் பெண் அதைப் படிப்பதைப் பார்த்தால் நான் பிடுங்க மாட்டேன். பள்ளிக் காசில் வாங்கி வைக்கவும் மாட்டேன்.

கொலை வருகிற நாவல் என்றால் பூமணியின் ‘வெக்கை’ (1982). பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. கையை மட்டும் எடுக்க நினைத்தவன், ஆள் செத்துவிட்டது. அதற்குப் பிறகு நாவல் முழுக்க அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதுதான். கிடைத்ததை வைத்துச் சமைக்கிறார்கள், அப்பா பழைய கதை சொல்கிறார், பையன் தூங்குகிறான். வெட்டின பெருமை எங்கேயும் பேசப்படுவதில்லை. இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அதில் விரிகிற பிளாஷ்பேக்கைத் தேடிவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்பார்கள். அந்தச் சப்பைத்தான் பேச வேண்டும். ஒரு தொல்லை, கரிசல் வட்டார வழக்கு. நம் பக்கத்துப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே திணறுவார்கள். முதல் அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், பிறகு அவர்களே இழுத்துக்கொண்டு போவார்கள். மொழி தடுக்கக் கூடாது என்றால் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ இருக்கிறது. கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற பையனின் கதை, நம் பக்கத்துப் பேச்சு. பாலியல் அதில் பெரிதில்லை, பசியும் அவமானமும்தான் கனம். பத்தாம் வகுப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் முடிவு கனமாக இருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சாதி மீறிய காதல் பற்றி யாரும் கேட்காமலே பிள்ளைகள் தேடுவார்கள். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டது 2015-ல், மதுரையில் தீர்ப்பு வந்தது 2022-ல். அவர்கள் வீட்டில் அது பேசப்பட்டிருக்கும், எந்தப் பக்கம் நின்று பேசினார்கள் என்பதுதான் வீட்டுக்கு வீடு வேறு. இதற்கு நான் முதலில் கொடுப்பது இமையத்தின் ‘பெத்தவன்’. மெல்லிய நூல், ஒரு மாலையில் முடியும். மகளைக் கொல்லச் சொல்லி ஊர் நெருக்குகிற ஒரு தகப்பனின் இரவு. பிறகு பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வருகிற சரோஜாவின் சாதி என்ன என்று நாவல் கடைசி வரை சொல்லாது. வகுப்பறைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நடத்திப் பார்த்தால் தெரியும். எந்தப் பிள்ளையும் ‘எங்களைச் சொல்றாங்க’ என்றோ ‘உங்களைச் சொல்றாங்க’ என்றோ திரும்பிப் பார்க்க வழியில்லை. ஒரே கண்டிப்பு, இந்த நூல்களைப் பேசும்போது ‘உங்க ஊர்ல எப்படி’ என்று பொதுவில் கேட்காதீர்கள். யார் எந்தத் தெரு என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

இனிச் சந்தேகம் உள்ள இடம், தற்கொலை. செய்தி ஊடகங்கள் முறையை விவரித்தும் பெரிதுபடுத்தியும் எழுதினால் பார்த்துச் செய்வோர் கூடுகிறார்கள் என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கென வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. கதைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஜே ஆஷரின் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்’ நாவல் 2007-ல் வந்தது, 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடரானது. தொடர் வந்த அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்காரர்களிடையே தற்கொலை கூடியது என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதே கணக்குகளை மறுபடி பார்த்த இன்னொருவர் அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார். நெட்ஃப்ளிக்ஸ் 2019-ல் தொடரின் தற்கொலைக் காட்சியை வெட்டிவிட்டது. இவ்வளவும் தொடரைப் பற்றித்தான், அச்சிட்ட நாவலுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தும் அந்த நாவலை நான் அலமாரியில் வைப்பதில்லை. செத்த பிறகுதான் நாயகியின் பேச்சை எல்லோரும் கேட்கிறார்கள் என்ற அமைப்பு, ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருக்கும் பிள்ளைக்குத் தவறான ஆறுதல். இது என் தீர்மானம், ஆய்வு முடிவு அல்ல. பொதுத்தேர்வு ரிசல்ட் வருகிற மே மாதத்தை ஒட்டி, தற்கொலை மையமாக வருகிற எதையும் யாருக்கும் எடுத்து நீட்டாதீர்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். அதை நூலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆங்கிலம் ஓடும் பிள்ளைகளிடம் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999) கொடுக்கலாம். நடந்ததைச் சொல்ல முடியாமல் வாயடைத்துப்போன பெண் மெல்ல மெல்லப் பேச வருவதுதான் கதை. அதே ஆண்டு வந்த ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்’ நாவலில் சிறுவயதுத் துன்புறுத்தல் கடைசியில்தான் வெளிப்படும், அதனால் முன்னறிவிப்பு இல்லாமல் தரக் கூடாது. தமிழில் நாவலுக்கு முன் ஒரு சிறுகதை போதும். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’, 1966-ல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சண்டையைக் கிளப்பியது. காரில் ஏற்றிக்கொண்டு போனவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளை அம்மா தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி ‘நீ சுத்தமாயிட்டே’ என்கிற இடத்தில் அந்தக் காலத்து வாசகர்கள் அம்மா மேல் பாய்ந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பது வேறு: ‘அவ அழுக்கானாத்தானே கழுவணும்? அந்தக் கார்க்காரனை ஏன் யாருமே தேடல?’

இந்தப் பேச்சு நடந்த பிறகு ஒரு பிள்ளை தனியாக வந்து உங்களிடம் ஏதாவது சொல்லக்கூடும். இங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பது குற்றம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் அடுத்த அடியைச் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டை ஹெச்.எம்.முடன் முன்கூட்டியே பேசி வைத்த பிறகே இந்த வகை நூல்களை வாங்குங்கள்.

சரி, அந்த அப்பா. நாவல் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன வருகிறது, எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்த வகுப்புக்கு, ஏன் வாங்கினோம் என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். உங்களைத் தவிர இன்னொரு ஆசிரியரும் முழுதாகப் படித்திருக்க வேண்டும், ஹெச்.எம். கையெழுத்தும் இருக்க வேண்டும். புகாரோடு வருகிறவரிடம் வாதாடாமல் உட்கார வைத்து நோட்டைக் காட்டுங்கள். அவர் விரித்துக்கொண்டு வந்த பக்கம் உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருந்தால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். அவர் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் அது அவர் உரிமை, ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்றால், முழுதாகப் படித்துவிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2016-ல், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என்ற பொருளில் சொன்னதைச் சிலர் இந்த இடத்தில் எடுத்து விடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். அது வளர்ந்த வாசகரின் தேர்வைப் பற்றிய பேச்சு. விடுதியில் பிள்ளைகளைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் பள்ளி அதன் பின்னால் ஒளிய முடியாது.

விடுதி என்பதால் இன்னும் ஒன்று. கனமான நூலை வெள்ளிக்கிழமை தராதீர்கள், திங்கட்கிழமை தாருங்கள். இரவில் ஒரு பிள்ளை அழுதால் மறுநாள் காலையில் கேட்க நீங்கள் இருக்க வேண்டும். முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்குங்கள், தோழிகள் இருவர் சேர்ந்து படிக்கட்டும். பணம் பத்தாது என்றால் தலைப்புகளைக் குறையுங்கள்.

கடைசியாக ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. 2004-ல் வந்த பெரிய நாவல், ஒரு சிற்றூர் முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை, உடம்பு பற்றிய பேச்சு உட்பட, மறைக்காமல் எழுதியது. ராபியா என்ற சிறுமி வருகிறாள் என்பதற்காக அது சிறுமிகளுக்கான நூல் ஆகிவிடாது. பத்தாம் வகுப்பு அலமாரியில் வேண்டாம். அதன் பருமனே அந்தப் பிள்ளைகளைத் தடுக்கும், தாண்டி வந்தாலும் பேச ஆள் இல்லாமல் தனியாகப் படிக்கிற நூல் அல்ல. மேசைக்குப் பின்னால் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பெயர் சொல்லிக் கேட்டால், நீங்கள் முழுதாகப் படித்து முடித்திருந்தால், கொடுங்கள். உங்கள் மாணவிகளில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் வகுப்பில் சத்தமாகப் படிக்க மட்டும் அதை எடுக்காதீர்கள், மற்றவர்கள் அந்தப் பிள்ளைகள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள்.